போக்கர்: எந்தக் கையோடு உள்ளே போகலாம்?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

ரம்மி இருபது வருடமாக ஆடுகிறேன். டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் போன மாதம்தான் ஆரம்பித்தேன். முதலில் வரும் இரண்டு சீட்டில் எதை வைத்து ஆடலாம், எதைக் கவிழ்க்கலாம்? நெட்டில் தேடினால் கட்டம் கட்டமாகக் கலர் அடித்த படங்கள்தான் கிடைக்கின்றன, தலை சுற்றுகிறது. நானாக ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஏஸ் இருந்தால் போகலாம், இரண்டும் ஒரே சின்னம் என்றால் போகலாம், மற்றதைக் கவிழ்க்கலாம். சரிதானே?

7 செப்டம்பர் 2025, காலை

சரியில்லை. உங்கள் விதிப்படி ராஜா ஜோடி வந்தால் கவிழ்த்தாக வேண்டும். அதில் ஏஸும் கிடையாது, ஜோடி என்பதால் ஒரே சின்னமும் வராது. ஆனால் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 2 வந்தால் உள்ளே போகச் சொல்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். 52 சீட்டிலிருந்து இரண்டு எடுக்க 1,326 வழி உண்டு. ஏஸ் உள்ளவை 198, ஒரே சின்னத்தில் வருபவை 312. இரண்டு பக்கமும் எண்ணப்பட்ட 48-ஐக் கழித்தால் 462. மூன்று கைக்கு ஒன்றுக்கும் சற்று மேலாக ஆடுவீர்கள். ஆரம்பத்தில் இது ரொம்ப அதிகம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது: 7 ஜோடியும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி எப்படி வந்தாலும். ஏஸ்-ஜாக், ராஜா-ராணி ஒரே சின்னமாக இருந்தால் மட்டும். எண்ணிப் பார்த்தால் 88 வழி. நூற்றுக்கு ஏழு கூட வராது. மீதி நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள்.

7 செப்டம்பர் 2025, இரவு

"நூற்றுக்கு ஏழு என்றால் சும்மா உட்காரவா வந்தோம்?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், சும்மா உட்காரத்தான்.

ரம்மி ஆடியவருக்கு இது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று யோசித்தேன். 101 ஆட்டத்தில் கை மோசமாக வந்தால் முதலிலேயே ஸ்கூட் விடுகிறோம், 20 பாயிண்ட் போகிறது. நடுவில் விட்டால் 40. ஃபுல் வாங்கினால் 80. 20 பாயிண்ட் கொடுத்து ஓட நமக்கு மனசு வருகிறது. போக்கரில் பைசா செலவில்லாமல் ஃபோல்டு பண்ணலாம், அதற்கு மனசு வரவில்லை. ரம்மியில் 13 சீட்டு கையில் இருப்பதால் குப்பை கையிலும் அடுக்க, மாற்ற, நம்பிக்கை வைக்க வேலை இருக்கும். இங்கே இரண்டே சீட்டு. கவிழ்த்துவிட்டால் கைக்கு வேலை இல்லை. நான் இப்போது கவிழ்த்ததும் வேர்க்கடலை உரிக்கிறேன். விளையாட்டில்லை, உண்மையாகவே உதவுகிறது.

இன்னொன்று, பணம் பற்றிக் கேட்டவருக்கு: நாங்கள் ஆடுவது எங்கள் மொட்டை மாடியில், புளியங்கொட்டை வைத்து. ஆளுக்கு 100 கொட்டை. முன்பு செல்போனில் ஒரு செயலியில் காசு வைத்து ஆடி, சொல்ல வெட்கப்படும் தொகையை விட்டிருக்கிறேன். இந்த ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. என் மனைவி அன்று பாயசம் வைத்தாள்.

9 செப்டம்பர் 2025

ஏஸ் இருந்தும் ஏன் கவிழ்க்க வேண்டும் என்று மறுபடி கேள்வி. எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

போன மாதம் கையில் ஏஸ்-4. ஏஸ் ஆயிற்றே என்று உள்ளே போனேன். என் மச்சினன் 6 கொட்டையாக ஏற்றினான், கூடப் போனேன். ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஏஸ், 9, 6. உள்ளுக்குள் மத்தாப்பு. நான் 10 போட்டேன், அவன் யோசிக்கிற மாதிரி காதைச் சொறிந்துவிட்டு 10 போட்டான். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 25 போட்டேன், அவனும் போட்டான். ரிவரில் (ஐந்தாவது, கடைசி) மிச்சம் முழுவதையும் தள்ளினேன். அவன் ஏஸ்-ராணியைத் திருப்பி வைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது: ஃபிளாப்பில் ஏஸ் வராமல் இருந்திருந்தால் எனக்குப் போயிருக்கும் நஷ்டம் 6 கொட்டை. நான் வேண்டிக்கொண்ட சீட்டு வந்ததால்தான் 100-ம் போயிற்று. ஏஸ்-4-ஐயும் ஏஸ்-ராணியையும் மோதவிட்டால் பத்தில் ஏழு முறை ராணிக்காரன் பக்கம்தான் விழும். என்னோடு சண்டைக்கு வருகிறவன் கையில் ஏஸ் இருந்தால் அதன் துணைச் சீட்டு பெரும்பாலும் என் நாலைவிடப் பெரியது. ஏஸ் இல்லாதவன் மேசையில் ஏஸைப் பார்த்ததும் ஓடிவிடுவான், கொட்டை தர மாட்டான். ஜெயித்தால் சில்லறை, தோற்றால் மொத்தம்.

காதைச் சொறிவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கமாம். அத்தை பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்.

14 செப்டம்பர் 2025

ஒரே சின்னம் விஷயம். இதில் எல்லோரும் மயங்குகிறோம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டு சிவப்பு, இரண்டு ஆட்டின், அடடா.

ஐந்து சீட்டு ஒரே சின்னமாகச் சேர்ந்தால்தான் பயன். இரண்டு ஆட்டின் வைத்திருந்தால் ஃபிளாப்பிலேயே மூன்றும் ஆட்டினாக விழுவது 119 முறைக்கு ஒன்று. இரண்டு விழுந்து, இன்னும் ஒன்றுக்காகக் காத்திருப்பது ஒன்பது முறைக்கு ஒன்று. காத்திருக்கும்போதெல்லாம் யாராவது விலை கேட்பார்கள், கட்ட வேண்டும். ஏஸ்-ராஜா ஒரே சின்னமாக இருந்தால், என்ன சீட்டென்று தெரியாத ஒரே எதிராளியிடம் நூற்றுக்குச் சுமார் 67 முறை ஜெயிக்கும். வேறு வேறு சின்னமாக இருந்தால் 65. அந்த இரண்டு புள்ளிதான் வித்தியாசம். நல்ல கையைக் கொஞ்சம் தூக்கிவிடும், அவ்வளவே. 9-2-ஐ அது காப்பாற்றாது.

15 செப்டம்பர் 2025

"மிக மோசமான கை 7-2 தானே?" என்று ஒருவர். ஆமாம், வேறு வேறு சின்னத்தில் 7-2. அது வந்தால் பார்த்த கையோடு கவிழ்க்கவும்.

15 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். மேசை நிறைய ஆள் இருக்கும்போதுதான் 7-2 கடைசி. ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது 3-2 அதைவிட மோசம்: தெரியாத கைக்கு எதிராக 3-2 நூற்றுக்கு 32 முறை ஜெயிக்கிறது, 7-2 சுமார் 35. கூட்டத்தில் 3-2-க்கு வரிசை சேர வாய்ப்பாவது இருக்கிறது, 7-2-க்கு அதுவும் இல்லை. தனி ஆளிடம் வரிசையைவிட ஏழு என்ற உயரம் பெரிதாகிவிடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை, தகவலுக்காகச் சொன்னேன்.

21 செப்டம்பர் 2025

7-ஆம் தேதி இரவு எழுதியதில் ஒரு பெரிய தப்பு. கீழ்வீட்டுப் பெரியவர் (ஓய்வு பெற்ற வங்கிக்காரர், கொட்டை கணக்கு அவரிடம்தான்) இதைப் படித்துவிட்டு மாடிக்கே வந்துவிட்டார். "ஃபோல்டு இலவசம்னு எழுதியிருக்கீங்களே தம்பி, பிளைண்டு யாரு உங்க தாத்தாவா போடறார்?"

உண்மைதான். எங்கள் ஆட்டத்தில் சின்ன பிளைண்டு 1 கொட்டை, பெரியது 2. ஒரு சுற்றுக்கு ஒவ்வொருவரும் சீட்டைப் பார்க்காமலே 3 கொட்டை கட்டியாக வேண்டும். ஆறு பேர், எனவே ஆறு கைக்கு 3. நான் கொடுத்த பட்டியல்படி ஆடினால் பதினைந்து கைக்கு ஒருமுறைதான் உள்ளே போவீர்கள். அதற்குள் இரண்டரை சுற்று ஓடி, ஏழெட்டு கொட்டை போய்விடும். இதுவும் ஸ்கூட் மாதிரிதான், தவணையில் கட்டுகிறோம்.

ஒன்பது, பத்து பேர் உட்காரும் மேசையில் முதலில் பேசும் இடத்துக்குச் சொல்லும் பட்டியலை ஆறு பேர் மாடியில் எல்லா இடத்துக்கும் பொருத்திவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்: எல்லா ஜோடிகளும், ஏஸ்-ஜாக், ராஜா-ராணி எப்படி வந்தாலும், ஒரே சின்னத்தில் ஏஸ்-10, ராஜா-ஜாக், ராணி-ஜாக், ஜாக்-10. இப்போது 158 வழி, நூற்றுக்கு 12. ஆறு பேர் மேசையில் முதலில் பேசுகிறவருக்கு இது பரவாயில்லை.

பட்டனில், அதாவது ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்து, முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டால் இன்னும் தாராளமாகப் போகலாம். எதிரே மிச்சம் இரண்டு பிளைண்டுகள்தான். ஏஸோடு ஒரே சின்னத்தில் எது வந்தாலும், ராஜா-10, 10-9 ஒரே சின்னம், இப்படி. பட்டியலில் இல்லாத ஏஸ்-4 கூட அங்கே ஆடலாம். 9-ஆம் தேதி நான் அதை ஆடியது முதல் இடத்தில். எனக்குப் பின்னால் ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

ரம்மிக்காரருக்கு இது புதிதா என்ன? எனக்கு முன்னால் ஆடுகிறவன் போடும் சீட்டுதான் எனக்குக் கிடைக்கும், அதனாலேயே யாருக்கு அடுத்து உட்காருவது என்று சீட்டு கலைப்பதற்கு முன்பே சண்டை போடுகிறோம். இங்கே இடம் ஒவ்வொரு கைக்கும் நகர்கிறது, சண்டை வேண்டாம்.

சின்ன ஜோடிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. 2 முதல் 6 வரை ஜோடி வந்தால் ஃபிளாப்பில் மூன்றாவது கிடைப்பது எட்டரை முறைக்கு ஒன்று. கிடைக்காத ஏழரை முறையும் (சனி மாதிரி) கவிழ்க்க வேண்டியதுதான். அதனால் எதிராளி முன்னால் கொட்டை குவியலாக இருந்தால் மட்டும் அவன் ஏற்றியதற்குக் கூடப் போங்கள். அவனிடமே 20 கொட்டைதான் மிச்சம் என்றால் மூன்று சேர்ந்தும் என்ன லாபம்?

"கூடப் போவது" என்று ஏன் எழுதுகிறேன் என்றால், "கால்" என்று எழுதினால் யாருக்குக் கால் என்று கேட்கிறார்கள்.

28 செப்டம்பர் 2025

மழை. ஆட்டம் இல்லை. கொட்டைகளில் பாதி நனைந்துவிட்டன, மனைவி வெயிலில் போடச் சொல்கிறாள், வெயில் எங்கே?

5 அக்டோபர் 2025

நேற்று எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. 221 கைக்கு ஒருமுறை வரும் கை. அதைச் சொதப்பியதைப் பதிவு செய்கிறேன்.

ஏற்றினால் எல்லோரும் ஓடிவிடுவார்களே என்று பயந்து, வெறும் 2 கொட்டை போட்டு நொண்டிக்கொண்டு உள்ளே போனேன். ஆங்கிலத்திலும் இதற்கு லிம்ப், நொண்டல் என்றுதான் பெயர். நான் நொண்டியதைப் பார்த்து மச்சினன், அலுவலக நண்பர், மனைவி, சின்ன பிளைண்டில் இருந்த பெரியவர் எல்லோரும் நொண்டினார்கள். பெரிய பிளைண்டில் அத்தை. அவர் எதுவும் கூடுதலாகக் கட்டாமலே ஃபிளாப்பைப் பார்க்கலாம். பார்த்தார்.

ராணி, 8, 3.

நான் போட்டேன், எல்லோரும் ஓடினார்கள், அத்தை மட்டும் கூட வந்தார். மறுபடி போட்டேன், வந்தார். கடைசியில் அவர் திருப்பி வைத்தது கிளாவர் 8, டைமண்ட் 3. "எட்டாம் தேதி மூணாம் மாசம் மாப்ளே, எங்க கல்யாண நாள். இதை எப்படிக் கவுக்கறது?"

கோபம் அத்தை மேல் வந்தது, வந்திருக்கக் கூடாது. அவரை இலவசமாக உள்ளே விட்டது நான்தான். ஏஸ் ஜோடி ஒரே ஒரு ஆளிடம் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். ஐந்து பேர் கடைசி வரை இருந்தால் பாதிக்கும் சற்றுக் கீழே, 49. என் கையில் சீட்டு அதேதான். கூட்டத்தைச் சேர்த்தது நான். 8 கொட்டையாக ஏற்றியிருந்தால் ஒருவரோ இருவரோ மிஞ்சியிருப்பார்கள்.

"ஏற்றியிருந்தாலும் நான் வந்திருப்பேன்" என்கிறார் அத்தை. அப்படி வந்தால் வரட்டும். 8 கொட்டை கட்டி 8-3-ஓடு வருகிறவரைத்தான் தினமும் விளக்கேற்றித் தேட வேண்டும்.

எனவே நான் திருத்திக் கொடுத்த பட்டியலோடு இதையும் ஒட்டுங்கள்: உள்ளே முதல் ஆளாகப் போவதென்றால் ஏற்றிக்கொண்டே போங்கள். ஏற்ற மனசு வராத கை என்றால் அது கவிழ்க்க வேண்டிய கை.

6 அக்டோபர் 2025

பட்டியலை மனப்பாடம் செய்ய முடியாதவர்களுக்கு பில் சென் என்ற கணிதக்காரரின் மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. பெரிய சீட்டுக்கு மட்டும் மார்க்: ஏஸ் 10, ராஜா 8, ராணி 7, ஜாக் 6, மற்றவற்றுக்கு அதன் எண்ணில் பாதி. ஜோடி என்றால் இரட்டிப்பு, குறைந்தது 5. ஒரே சின்னம் என்றால் 2 கூட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சீட்டு விடுபட்டால் 1 கழி, இரண்டு என்றால் 2, மூன்று என்றால் 4, அதற்கு மேல் 5. ராணிக்குக் கீழே உள்ள சீட்டுகள் அடுத்தடுத்தோ ஒன்றே விட்டோ வந்தால் 1 கூட்டு. அரை வந்தால் மேலே தள்ளு. (ஜோடிக்கு இந்தக் கடைசிக் கூட்டல் எல்லாம் வேண்டாம்.)

ஏஸ் ஜோடி 20. ஏஸ்-ராஜா ஒரே சின்னம் 12. 10-9 ஒரே சின்னம் 8. என்னுடைய அந்த ஏஸ்-4 வெறும் 5, அதாவது 2 ஜோடிக்குச் சமம். 7-2 மைனஸ் 1.

அத்தையின் கல்யாண நாளும் மைனஸ் 1. இதை அவரிடம் சொல்லவில்லை.

குறை என்னவென்றால் இந்த மார்க்குக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் யார் ஏற்றினார்கள் என்பதெல்லாம் தெரியாது. கல்லைப் போல உட்கார்ந்திருக்கும் பெரியவர் திடீரென்று ஏற்றினால் என் 9 மார்க் ஏஸ்-ராணி என் கணக்கில் 3 மார்க்தான். மச்சினன் ஏற்றினால் 9 அப்படியே இருக்கும். அவன் எதற்கும் ஏற்றுவான்.

12 அக்டோபர் 2025

"டாயில் பிரன்சன் 10-2 வைத்து இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனாரே, உங்கள் பட்டியலில் அது இல்லையே" என்று கிண்டல். ஆமாம், 1976, 1977 இரண்டு வருடமும் லாஸ் வேகாஸில் அவர் கடைசிக் கையில் 10-2 வைத்திருந்தார், இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) ஆனது. அந்தக் கைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 2003-இல் சாம்பியன் ஆன கிறிஸ் மனிமேக்கர் 5-4 வைத்து முடித்தார்.

ஆனால் மூன்றுமே கடைசிக் கை. அந்த நேரத்தில் மேசையில் இரண்டே பேர். இரண்டு பேர் ஆடும்போது ஒவ்வொரு கைக்கும் பிளைண்டு கட்ட வேண்டும், 88 வழிக்காகக் காத்திருந்தால் கொட்டை கரைந்துவிடும், அதனால் எல்லோருமே கண்டதையும் ஆடுவார்கள். அவர்கள் அந்த மேசைக்கு வந்து சேரும் முன் கவிழ்த்த கைகளை யார் எண்ணியது? கவிழ்த்த கைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

பாருங்கள், நானும் பிரன்சனைப் பற்றிப் படித்த இரவு 10-2 ஆடிப் பார்த்தேன். 14 கொட்டை. வேர்க்கடலையே மேல்.

21 அக்டோபர் 2025

தீபாவளிக்கு எல்லோரும் வீட்டில். திருத்திய பட்டியலைப் போன வாரம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அத்தை கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "இதுல எங்க தேதி இல்லையே" என்றார். இல்லை என்றேன்.

நேற்று இரவு, மருந்து வாசனை இன்னும் போகாத மாடியில், அத்தை முதல் இடம். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தார். முதல் தடவையாக ஒருவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை. மச்சினன் 6 கொட்டையாக ஏற்றினான், நான் ராஜா-ராணியோடு கூடப் போனேன்.

ஃபிளாப்: 8, 8, 3.

அத்தை எதுவும் பேசவில்லை. கவிழ்த்த சீட்டு இரண்டையும் எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார். பெரியவர் விதிப்படி அது தப்பு என்று ஆரம்பித்தார், அத்தை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மச்சினன் ஜாக் ஜோடியோடு 90 கொட்டை வரை தள்ளத் தயாராக இருந்தானாம். அதையும் அவனே சொன்னான், சத்தமாக.

இன்று காலை எல்லோர் தட்டிலும் அதிரசம் இருந்தது. என் தட்டில் இரண்டு இட்லி.

22 அக்டோபர் 2025

கேட்டவருக்கு: ஆமாம், முதல் இடத்தில் 8-3-ஐக் கவிழ்த்தது சரிதான். ஜோடியில்லாத கைக்கு ஃபிளாப்பில் இப்படி இரண்டு சீட்டும் சேர்ந்து ஃபுல் ஹவுஸ் விழுவது 1,089 முறைக்கு ஒன்று. இதை அத்தையிடம் நீங்கள் வந்து சொல்லுங்கள். சொல்லி அதிரசம் கிடைத்தால் எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள்.